ஸ்பானிஷ்: 'வெர்', 'மிரார்' இரண்டுமே 'பார்'தானா? உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மாட்ரிட் வந்து ஆறு மாதம் ஆகிறது, ஏ2 என்ற தொடக்கநிலை ஸ்பானிஷ் தேர்வுக்குப் படிக்கிறேன். மேசையில் சாவியைத் தேடிப் பார்த்தேன், இல்லை என்று சொல்ல 'வி என் லா மெசா' என்று எழுதினேன். ஆசிரியை 'வி'யை ('வெர்' என்பதன் இறந்தகாலம்) அடித்துவிட்டு 'மிரே' ('மிரார்' என்பதன் இறந்தகாலம்) என்று திருத்தினார். ஆனால் டிவி பார்ப்பதற்கு 'வெர் லா தெலெ' என்கிறார். அர்ஜென்டினாவிலிருந்து வந்த அறைத்தோழியோ 'மிரார் லா தெலெ' என்கிறாள். எதைப் பிடித்துக்கொள்வது?

பதில் 1:
நானும் இதில் பல மாதம் தடுமாறினேன். 'வெர்' என்பதற்கு எதிரே 'பார்' என்று எழுதாமல் 'கண்ணில் படு, தெரி' என்று எழுதிப் பாருங்கள். 'மிரார்'தான் நாம் கண்ணைத் திருப்பிப் பார்ப்பது. "பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை" என்பது அப்படியே "மிரே, பெரோ நோ வி நாதா". உங்கள் சாவியும் இதே கதைதான். "சோர்வாகத் தெரிகிறாய்" என்பதும் "தெ வெயோ கன்சாதா". தமிழில் எழுவாய் 'நீ', அங்கே 'நான்'. அதுதான் நம்மைக் குழப்புகிறது.

பதில் 2:
மேலே சொன்னது அருமை, ஆனால் எல்லா இடத்துக்கும் போதாது. டாக்டரைப் பார்க்கப் போவது 'வெர் அல் மெதிகோ'. இங்கே 'தெரி' பொருந்தாது, ஆளைச் சந்திப்பதும் 'வெர்' என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டிவி, சினிமாவுக்கு ஸ்பெயினில் 'வெர்'தான் வழக்கம். அர்ஜென்டினாவில் 'மிரார்' சகஜம், உங்கள் தோழி தவறாகப் பேசவில்லை. தேர்வில் 'வெர்' எழுதுங்கள்.
அப்புறம், 'வெர்' என்பதன் முதல் எழுத்து உச்சரிப்பில் 'பஸ்' என்பதில் வரும் ப ஒலி. "எங்கே பார்ப்போம்" என்ற 'அ வெர்' காதுக்கு 'அபெர்' என்ற வினைச்சொல் போலவே கேட்கும். ஸ்பானியர்களே எழுதும்போது இரண்டையும் மாற்றிவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி! நோட்டைத் திருத்திவிட்டேன். "மிரோ அ லா ஃபோட்டோ" சரியா?

பதில் 1:
அந்த 'அ' வேண்டாம், "மிரோ லா ஃபோட்டோ" போதும். நம் 'ஐ' உருபு போல எல்லாவற்றுக்கும் அது வராது. ஆள் என்றால் வரும்: "மிரோ அ மி மாத்ரெ". பார்வை போகும் திசையைச் சொல்லும்போதும் வரும்: "மிரோ அல் சியெலோ", வானத்தை நோக்கிப் பார்க்கிறேன்.