பாலே விடுதிப் பள்ளிக்குப் போகும் மகளுக்குக் காலணி: இங்கே வாங்குவதா, அங்கே போய் வாங்குவதா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகி

வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 11 வயதாகும் எங்கள் மகளுக்கு இங்கிலாந்தில் ஒரு பாலே விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்து, வருகிற செப்டம்பரில் சேரவிருக்கிறாள். பள்ளி அனுப்பிய பட்டியலில் சீருடை, படுக்கை விரிப்பு போன்றவற்றை நாங்களே பார்த்துக்கொள்வோம். காலணிப் பகுதிதான் பிடிபடவில்லை. மென்காலணி இரண்டு ஜோடி என்று போட்டிருக்கிறார்களே தவிர, தோலா கேன்வாஸா, அடிப்பாகம் முழுதாக இருக்க வேண்டுமா நடுவில் பிரிந்ததாக இருக்க வேண்டுமா என்பதைச் சொல்லவில்லை. குதி வைத்த கேரக்டர் ஷூ ஒரு ஜோடி. விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூவுக்கு எதிரே, பள்ளி சொல்லும் வரை வாங்க வேண்டாம் என்று இருக்கிறது.

கோயம்புத்தூரில் நாங்கள் விசாரித்த கடைகளில் அளவைச் சொன்னால் வரவழைத்துத் தருகிறோம் என்கிறார்கள். போட்டுப் பார்த்து வாங்க வழியில்லை. மகளுக்கோ முன்பாதம் அகலம். வீட்டிலும் களத்திலும் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவள், பரதமும் ஆடியவள். வளர்கிற பிள்ளைக்கு ஒரு விரற்கடை கூட்டியே வாங்கினால் அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்பது என் மாமியாரின் யோசனை. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: மீனாட்சிபுரத்துக்காரி, பர்மிங்ஹாம்

சகோதரிக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மீனாட்சிபுரம். என் மகள் இங்கே பாலே விடுதிப் பள்ளியில் படித்து முடித்தவள். மாமியாரின் யோசனையை, அவர் மனம் நோகாதபடி, முதலில் ஒதுக்கிவிடுங்கள். பள்ளிக்கூட ஷூவுக்குப் பொருந்துகிற அந்தக் கணக்கு பாலே காலணிக்கு ஆகாது. விரல் நுனிக்கு அப்பால் மிஞ்சும் துணி, காலைத் தரையோடு உரசி நீட்டும்போது மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பாதத்தின் வளைவையும் ஆசிரியர் கண்ணுக்குத் தெரியவிடாது. காலில் மாட்டி நின்றால் விரல்கள் மடங்காமல் நேராகப் படிந்திருக்க வேண்டும். பாதத்தை நீட்டிப் பிடித்தால் குதிகால் பக்கம் ஒரு சிட்டிகைத் துணிக்கு மேல் கையில் அகப்படக் கூடாது. வளர வளர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. அந்தச் செலவை இப்போதே கணக்கில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான செருப்பு அளவைச் சொல்லித் தபாலில் வரவழைப்பதும் வேண்டாம். பாலே காலணியின் எண் வேறு கணக்கு. ப்ளாக், ஃப்ரீட், கேபேசியோ ஆகிய நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் அது தனித்தனி. பல நிறுவனங்கள் நீளத்துக்கு ஓர் எண்ணும் அகலத்துக்கு ஓர் எழுத்தும் வைத்திருப்பதால், உங்கள் மகளைப் போன்ற அகலப் பாதத்துக்கு எண்ணைக் கூட்டாமல் அகலத்தை மட்டும் கூட்டி வாங்க முடியும். அதைக் காலில் போட்டுப் பார்த்துத்தான் தீர்மானிக்க இயலும். இப்போது வகுப்புக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஜோடியோடு வந்துவிட்டு, புதியவற்றைப் பள்ளி திறப்பதற்கு முன் இங்கே அளவு பார்த்து வாங்குங்கள்.

தோல் நீடித்து உழைக்கும், காலுக்கு மெல்லப் படியும். கேன்வாஸ் இலேசானது, குளிர்ந்த நீரில் கையால் அலசி நிழலில் உலர்த்தலாம். மரத்தரைக்குத் தோலும், வினைல் விரித்த தரைக்குக் கேன்வாஸும் என்பது பொதுவான பழக்கம். அடிப்பாகம் முழுதாக உள்ள காலணி பாதத்தை வளைக்கும்போது சற்று எதிர்த்து நிற்பதால் சிறு வயதில் பாதத் தசைக்கு அது பயிற்சியாகிறது. பிரிந்த அடி வளைவை அழகாகக் காட்டும். எது வேண்டும் என்று பள்ளி அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். வகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரி அணிய வேண்டியிருக்கும் இடத்தில் நம் ஊகத்துக்கு வேலையில்லை.

காலணியை விட முக்கியமாக, மகள் கையில் ஊசியைக் கொடுங்கள். பல ஜோடிகள் எலாஸ்டிக் தைக்காமல்தான் வரும், விடுதியில் தைத்துக்கொடுக்க அம்மா இருக்க மாட்டாள். குதிகால் பகுதியை உட்புறமாக அடிப்பாகத்தின் மேல் மடக்கினால் இரு பக்கமும் ஒரு மூலை விழும். எலாஸ்டிக்கின் முனை வர வேண்டிய இடம் அதுதான். பென்சிலால் குறித்து, எலாஸ்டிக்கைக் கணுக்கால் பக்கமாகச் சற்றே முன்னோக்கிச் சாய்த்து, அடர்த்தியாகச் சிறு தையல் போட வேண்டும். விளிம்பு மடிப்புக்குள் ஓடும் சுருக்குக் கயிற்றின் மேல் ஊசி ஏறிவிட்டால் அப்புறம் அந்தக் கயிறு இழுபடாது. காலணி காலைப் பிடிக்காது. கயிற்றையும் அளவு உறுதியான பிறகு முடிச்சிட்டு, உள்ளே செருகி, மிச்சத்தை அதற்கப்புறம்தான் வெட்ட வேண்டும்.

பதில்: இயன்முறை மருத்துவர், பாலக்காடு

பாயின்ட் ஷூவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் ஆர்வத்தில் அவசரப்படும் பெற்றோரைப் பார்க்கிறேன். விரல்களைச் சுற்றி இறுகியிருக்கும் அதன் முனைப் பெட்டிக்குள் மரமோ இரும்போ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வழக்கமான ஷூவில் துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டி இறுகவைத்தவைதான் அங்கே இருக்கின்றன. உடலின் எடை முழுவதும் அந்தப் பெட்டியின் தட்டையான சிறு முனை வழியாகத் தரைக்கு இறங்குகிறது. பாத எலும்புகளின் வளர்ச்சித் தகடுகளோ இந்த வயதில் இன்னும் மூடியிருக்காது. பொதுவாக 11 அல்லது 12 வயதுக்கு முன் தொடங்குவதில்லை என்றாலும், வயது மட்டும் அளவுகோல் அன்று. கணுக்கால் முழுமையாக நீள்கிறதா, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கித் தள்ளாடாமல் நிற்க முடிகிறதா, இடுப்பும் வயிறும் உடலைத் தாங்குகின்றனவா என்பதையெல்லாம் ஆசிரியர் பார்த்துத்தான் அனுமதிப்பார். யாராவது அன்போடு பழைய ஜோடியைக் கொடுத்தால் வாங்கி அலமாரியில் வையுங்கள், காலில் போடவிடாதீர்கள். அது வேறொருவர் பாதத்துக்கு வளைந்து கொடுத்துத் தளர்ந்தது.

அளவு எடுப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் கூடுதலாகவே. காகிதத்தின் மேல் எடையை ஊன்றி நிற்கவைத்து இரண்டு பாதங்களையும் தனித்தனியே வரைய வேண்டும், பெரிய பாதமே அளவு. இந்த வரைபடம் எந்த நாட்டுக் கடைக்காரருக்கும் பேச்சைத் தொடங்க உதவும், போட்டுப் பார்ப்பதற்கு மாற்றாகாது.

வெறுங்காலில் வளர்ந்த பிள்ளைக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால் இப்போதே பாருங்கள். நகத்தை நேராக வெட்டப் பழக்குங்கள். ஓரங்களை உள்வாங்கி வெட்டினால் இறுக்கமான காலணிக்குள் நகம் சதையில் ஏறும். காலை முதல் இரவு வரை மூடிய ஷூவும் காலுறையுமாக இருக்கப்போகிறவள், அதையும் இந்த ஆடி, ஆவணியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகட்டும்.

பதில்: நடன உடை தைப்பவர், சித்தூர் தத்தமங்கலம்

பர்மிங்ஹாம் அக்கா சொன்னதில் ஒன்றே ஒன்றுக்கு எனக்கு உடன்பாடில்லை. இருக்கிற ஒரே ஜோடியோடு ஏறிப்போய், முதல் வாரத்திலேயே அது கிழிந்தால் பிள்ளை என்ன செய்வாள்? இப்போதைய ஜோடி பொருந்துகிறதென்றால், அதே நிறுவனத்தில் அதே எண்ணில் இன்னொன்று வரவழைத்து வைத்துக்கொள்வது நட்டமில்லை. கேரக்டர் ஷூவை மட்டும் கண்டிப்பாக அங்கே வாங்குங்கள். குதி வைத்த ஷூ அளவு தவறினால் கணுக்கால் பிசகும்.

பெயர் எழுதுவதை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே நிறத்தில், ஒரே மாதிரி டைட்ஸும் (காலை ஒட்டிய நீள உறை) லியோடார்டும் (உடலை ஒட்டிய ஆடை) ஒரே சலவைக்குப் போய் வரும் இடம் அது. துணிக்குத் துணி பெயர்ப்பட்டை தைத்து, காலணியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதி, டைட்ஸுக்கென்று ஜிப் வைத்த வலைப்பைகளையும் கொடுத்துவிடுங்கள். ஊசியையும் கத்தரியையும் விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டியில்தான் போட வேண்டும், கையோடு எடுத்துச் செல்லும் பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கால் கதகதப்புக்கு முழங்கால் வரை வரும் கம்பளி உறையைக் கடையில் தேட வேண்டாம். பின்னத் தெரிந்த பாட்டி இருந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள். காலணி விஷயத்தில் அவர் பேச்சு எடுபடாத மனக்குறையும் தீரும்.

கூந்தலைச் சொல்ல மறந்துவிட்டேன். நீண்ட அடர்ந்த கூந்தலை ஒரே சுருளாகச் சுற்றினால் பின்தலையில் தேங்காய் மாதிரி நிற்கும். இரண்டாகப் பின்னித் தட்டையாகச் சுற்றி, யு வடிவ ஊசிகளைக் கொண்டையின் விளிம்பில் செருகி, முடியின் நிறத்திலேயே வலை போட வேண்டும். எண்ணெய் வழிய வாரினால் ஊசி நிற்காது. எண்ணெய் தேய்ப்பதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளட்டும். கொலுசு, அரைஞாண் கயிறு, காதுத் தொங்கல் எதுவும் வகுப்பில் கூடாது. அரைஞாணைக் கழற்றுவதற்குத்தான் வீட்டில் பேச்சு வரும், அதைக் கிளம்புகிற நாளுக்கு வைக்காமல் முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று: பட்டியலில் வெளிர் சிவப்பு டைட்ஸ் என்று இருக்கிறது. மகள் மாநிறத்துக்கும் சற்று அடர்ந்தவள். படத்தில் கால் மட்டும் தனியாகத் தெரிகிறது என்று அவளே சொல்கிறாள். பள்ளியிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகுமா?

பதில்: மீனாட்சிபுரத்துக்காரி, பர்மிங்ஹாம்

ஆகாது, தாராளமாகக் கேளுங்கள். இடுப்பிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் டைட்ஸும் காலணியும் ஒரே நிறத்தில் அணியப்படுகின்றன. வெளிர் சிவப்பு வெள்ளைத் தோலுக்காக அமைந்த நிறம். கருநிறத் தோல் கொண்ட கலைஞர்கள் நெடுங்காலம் முகப்பூச்சைக் குழைத்துக் காலணிக்குப் பூசியே ஆடிவந்தார்கள். 2018இல் லண்டனின் ஃப்ரீட் நிறுவனம், கறுப்பின, ஆசியக் கலைஞர்களுக்காக 2001இல் தொடங்கப்பட்ட பாலே பிளாக் நடனக் குழுவோடு சேர்ந்து, பழுப்பு நிறங்களில் பாயின்ட் ஷூவை வெளியிட்டது. தோலின் நிறத்துக்கு ஏற்ற டைட்ஸை அனுமதிக்கும் பள்ளிகள் இப்போது இருக்கின்றன. கேட்கும்போது டைட்ஸை மட்டும் கேட்காமல் மென்காலணியின் நிறத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டால் கோடு கணுக்காலில் அறுந்துவிடும். பதில் வரும் வரை டைட்ஸ் எதையும் வாங்கிவைக்க வேண்டாம்.