மேதைமையும் மனநோயும்: அந்த 80% எங்கிருந்து வந்தது?

கயல்: மேதைக்கும் மனநோய்க்கும் தொடர்பு உண்டென்று 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் எதை வைத்துச் சொன்னார்கள்? இன்று அதற்கு ஆதாரம் உண்டா? கட்டுரைக்காகக் கேட்கிறேன். எழுத்தாளர்களில் 80% பேருக்கு மனநிலைக் கோளாறு என்ற எண்ணை ஆளாளுக்கு எடுத்துப் போடுகிறார்கள்.

மாறன்: 1859-இல் பிரான்சின் மோரோ த தூர் மேதைமையே ஒரு நரம்புக் கோளாறு என்றார். 1864-இல் இத்தாலியின் லொம்ப்ரோசோ அதைப் பிடித்துக்கொண்டார். குள்ள உருவம், திக்குவாய், இடதுகைப் பழக்கம், ஓரிடத்தில் தங்காமல் அலைவது எல்லாமே அவருக்குப் பரம்பரைச் சீரழிவின் அடையாளங்கள். பின்னாளில் மேதைமையை வலிப்பு நோயோடு சேர்த்தார். ஓட்டை முறையில்தான். வாழ்க்கை வரலாறுகளில் தனக்கு ஏற்ற துணுக்குகளைப் பொறுக்கினார். திக்குவாய் உள்ள தச்சர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணியது?

1904-இல் ஆங்கில மருத்துவர் ஹேவ்லாக் எல்லிஸ் கொஞ்சம் ஒழுங்காகச் செய்தார்: பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியிலிருந்து 1030 பேர். பித்துப் பிடித்தவர்கள் சுமார் 4 சதவீதம்தான்.

நிலவன்: 80% வந்தது அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசனின் 1987 ஆய்விலிருந்து. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் பட்டறையில் 30 பேர், ஒப்பிட வேறு தொழில் செய்யும் 30 பேர். வாழ்நாளில் ஒருமுறையாவது மனநிலைக் கோளாறு (மனச்சோர்வு, மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் போன்றவை) வந்தவர்கள் முன்னதில் 80%, பின்னதில் 30%. மாதிரி சிறியது, ஒரே பட்டறை. நேர்காணல் செய்தவரும் அவரே, எதிரில் இருப்பவர் எழுத்தாளரா என்று தெரிந்தே. இன்னொன்று: அவர் எதிர்பார்த்தது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). ஒரு எழுத்தாளருக்கும் அது இல்லை! மேற்கோள் காட்டுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

மாறன்: அதனால் 2013-இல் வந்த ஸ்வீடன் ஆய்வையே முதலில் வையுங்கள். 40 ஆண்டுப் பதிவேடுகள், ஏறத்தாழ 12 லட்சம் நோயாளிகள். படைப்புத் தொழில்களை மொத்தமாக எடுத்தால் பைபோலார் தவிர வேறெதுவும் கூடுதலாக இல்லை. எழுத்தாளர்கள் மட்டும் விதிவிலக்கு: மனச்சிதைவு, மனச்சோர்வு, போதைப் பழக்கம், தற்கொலை எல்லாமே அவர்களிடம் அதிகம். மனச்சிதைவு, பைபோலார் நோயாளிகளின் நெருங்கிய உறவினர்களும் படைப்புத் தொழில்களில் கூடுதலாக இருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், நோயில்லாதவர்களிடமும் ஏதோ தொடர்கிறது. ஆனால் பதிவேடு தொழிலைத்தான் சொல்லும், திறமையை அல்ல.

கயல்: ஓவியர் வான்கோவை எடுத்துக்காட்டாகப் போடலாமா?

நிலவன்: போடலாம், நோயின் பெயரை நீங்கள் முடிவு செய்யாமல். 1889-இல் பிரான்சின் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் மருத்துவர் பெய்ரோன் வலிப்பு என்று பதிந்தார். பின்னால் வந்தவர்கள் கடிதங்களைப் படித்தே பைபோலார், போர்ஃபைரியா (அரிய பரம்பரை நோய்), ஈய நஞ்சு, காதுநோய் என்று அடுக்கிவிட்டார்கள். பெய்ரோன் பதிந்ததை ஆண்டோடு போட்டு, மற்றவை பிற்கால ஊகம் என்று எழுதினால் போதும்.