'எக்ஸ்பிளெயின் மீ': உங்களுக்கும் இந்த அனுபவம் உண்டா?

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். எந்த பேட்ச்சாக இருந்தாலும் 'ப்ளீஸ் எக்ஸ்பிளெயின் மீ' வந்தே தீரும். திருத்தினால் மடக்குவார்கள்: "'டெல் மீ' சரி, 'ஷோ மீ' சரி, இது மட்டும் என்ன தப்பு?" நியாயமான கேள்விதான். எக்ஸ்பிளெயின், டிஸ்கிரைப், சஜஸ்ட் இதற்கெல்லாம் ஆளை நேராக வினைக்குப் பக்கத்தில் உட்காரவைக்க முடியாது, 'டு' வேண்டும்: 'எக்ஸ்பிளெயின் இட் டு மீ'. கிவ், டெல், செண்ட் மாதிரி குட்டி வினைகள் பழைய ஆங்கிலச் சொத்து, லத்தீன் வழி வந்த நீள வினைகள் 'டு' கேட்கும் என்று சொல்லிப் பார்ப்பேன். ஆனால் அது ஓட்டை விதி. 'சே' குட்டிதான், அதற்கும் 'டு' வேண்டும். 'பிராமிஸ்' லத்தீன் வழி வந்தது, அதுவோ 'பிராமிஸ் மீ' என்று ஜோராக நிற்கிறது.

——

சார், எனக்கு இதில் வேற்றுமை உருபுதான் ஞாபகம் வருகிறது. 'நண்பனுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்' என்பதை எப்படி மாற்றிப் போட்டாலும் 'கு'வும் 'ஐ'யும் யாருக்கு, எதை என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையை இடம் பார்க்கிறது: ஆள் முன்னால், பொருள் பின்னால். பொருளை முன்னுக்குக் கொண்டுவந்தால் ஆளுக்கு ஒரு 'டு'. என் பையனுக்கு இப்படிச் சொன்னதும் பிடித்துக்கொண்டான். ஆனால் 'ஐ பாட் எ பென் டு ஹிம்' என்று ஆரம்பித்துவிட்டான். பை, மேக், குக் எல்லாம் 'ஒருவருக்காக' செய்வது, அங்கே 'ஃபார்' என்று இன்னொரு பாடம் எடுக்க வேண்டியதாயிற்று.

——

அலுவலக மெயில்களைத் திருத்துவது என் வேலை. இலக்கணப்படி சரியாக இருந்தும் மூச்சு முட்டும் வாக்கியங்கள் வரும். 'ஐ கேவ் த நியூ மேனேஜர் ஹூ ஜாயின்ட் லாஸ்ட் வீக் த ரிப்போர்ட்.' ரிப்போர்ட் வருவதற்குள் படிப்பவர் களைத்துவிடுவார். நீளமானதைக் கடைசிக்குத் தள்ளினால் போதும்: 'ஐ கேவ் த ரிப்போர்ட் டு த நியூ மேனேஜர் ஹூ ஜாயின்ட் லாஸ்ட் வீக்.' எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, எல்லோரும் 'டு' சண்டையிலேயே நிற்கிறார்கள்.

——

முதலில் எழுதியவன்தான். மேலே சொன்ன மெயில் உதாரணத்தை வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன், நன்றி. 'டு' கற்றுக்கொடுத்த மறுவாரம் என்ன ஆகும் தெரியுமா? 'ஐ ஆஸ்க்ட் டு ஹிம்', 'ஐ டோல்ட் டு ஹெர்' என்று கண்ட இடத்திலும் போடுவார்கள். 'ஆஸ்க் எ கொஸ்டின் டு ஹிம்' இன்னும் ஒருவரையும் விட்டபாடில்லை. 'ஆஸ்க் ஹிம் எ கொஸ்டின்' என்று முழுசாக உருப்போட வைக்கிறேன், அதற்கு விதி சொல்வதையே நிறுத்திவிட்டேன்.