ஃபைலை அழித்தும் டிஸ்கில் இடம் வரவில்லை. ரீபூட் போட்டது தப்பா?

கச்சான்காற்று:
ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனிக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறேன். ஒரே மெஷின், டெபியன் லினக்ஸ். எடைச்சீட்டு, கணக்கு எல்லாம் அதில்தான். போன வாரம் விடியற்காலை, படகுகள் கரைக்கு வரும் நேரம் பார்த்துச் சீட்டு வருவது நின்றுவிட்டது. வீட்டிலிருந்தே எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் போகும் வழி) நுழைந்து, டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் -ஹெச் போட்டால் 100 சதவீதம். லாக் ஃபைல் (ப்ரோகிராம் நடந்ததை எழுதிவைக்கும் ஃபைல்) ஒன்று மட்டும் 38 ஜிபி. ஆர்எம் போட்டு அழித்தேன். மறுபடி டிஎஃப்: அதே 100. கை நடுங்கிவிட்டது, ரீபூட் போட்டேன். இடம் வந்தது, எடை சர்வீஸ் எழவில்லை. அதைக் கண்டுபிடித்துக் கையால் ஸ்டார்ட் செய்ய 40 நிமிடம். அதுவரை பேனாவில் சீட்டு எழுதினார்கள். ஈரக்கையால் எழுதியதில் 6 எது 0 எது என்று இன்னும் சண்டை ஓடுகிறது. முதலாளி விட்ட டோஸ் தனி. ரீபூட் போட்டது தப்பா? (போனில் தமிழ் கீபோர்டு மட்டும்தான், கமாண்டுகளை உச்சரிப்பில் படித்துக்கொள்ளுங்கள்.)

ராமநாடு_ரூட்:
தப்புதான் தம்பி. ஆர்எம் அழிப்பது பெயரை மட்டும். ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) அதை விடும்வரை இடம் திரும்பாது. டிஎஃப் நிரம்பிவிட்டது என்று சொல்லும், ஃபைல்களின் அளவைக் காட்டும் டியூ போட்டுக் கூட்டினால் அவ்வளவு வராது. இரண்டும் ஒத்துவராவிட்டால் எல்எஸ்ஓஎஃப் +எல்1 போடு. பெயர் போயும் பிடியில் இருக்கும் ஃபைல்களை, பிடித்திருக்கும் ப்ராசஸின் எண்ணோடு காட்டும். அந்த சர்வீஸை மட்டும் சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் செய்திருந்தால் சில விநாடி வேலை.

இனிமேல் ஓடுகிற லாகுக்கு ஆர்எம்மே வேண்டாம். ட்ரங்கேட் -எஸ் 0 என்று போட்டுப் பின்னால் ஃபைல் பெயரைக் கொடு. ஃபைல் அதே இடத்தில் இருக்கும், உள்ளே காலி.

தொண்டித்_தோணி:
அண்ணே, உங்களுக்கு ஏசி ரூம், ஃபைபர் லைன். தம்பிக்கு வாசலில் நண்டுக்கூடையோடு இருபது பேர். அந்த நேரத்தில் எல்எஸ்ஓஎஃப் என்ற பெயரே ஞாபகம் வராது. தெரிந்த ஒன்றைச் செய்து கடையைத் திறப்பதுதான் சின்ன இடத்து நிர்வாகம்.

இன்னொன்று, எடை சர்வீஸ் தானாக எழாது என்பதே இந்த ரீபூட்டால்தான் தெரிந்தது. என்றைக்கோ யாரோ ஸ்டார்ட் கொடுத்துவிட்டு, மெஷின் எழும்போது தானாக எழச் சொல்லும் எனேபிள் கொடுக்காமல் போயிருக்கிறார். கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்திருந்தாலும் இதே கதைதான். நம்ம பக்கம் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று நான் சொல்லணுமா? 400 நாள் அப்டைம் (நிறுத்தாமல் ஓடிய காலம்) என்று ஸ்க்ரீன்ஷாட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும்.

ராமநாடு_ரூட்:
எனேபிள் விஷயம் சரி. ஆனால் சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்ட் என்று ஒரு வரி போட்டிருந்தால் மெஷினை இறக்காமலே தெரிந்திருக்கும். 38 ஜிபி ஏன் சேர்ந்தது? அதை இங்கே யாருமே கேட்கவில்லை. லாகை அழித்தாச்சு. கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) மெமரியில் வைத்திருந்த செய்திகளும் ரீபூட்டோடு போச்சு. தம்பி, சிஸ்டம் தன் லாகைச் சேமிக்கும் /வார்/லாக்/ஜர்னல் என்ற ஃபோல்டர் இருக்கிறதா பார். இருந்தால் ஜர்னல்சிடிஎல் -பி -1 போடு, ரீபூட்டுக்கு முந்தைய ஓட்டம் வரும். இல்லையென்றால் அதுவும் மெமரியோடு போயிருக்கும்.

கச்சான்காற்று:
இருக்கிறது அண்ணே. எடை மேசையின் சீரியல் போர்ட் பதில் தரவில்லை, மறுபடி முயல்கிறேன், பதில் தரவில்லை என்று விநாடிக்கு நூறு வரி. இப்போதுதான் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். பின் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. ஆட்டினால் வேலை செய்கிறது, விட்டால் இல்லை.

தொண்டித்_தோணி:
உப்புக்காத்து! ஆக, வியாதி கமாண்டில் இல்லை, கேபிளில்.

ராமநாடு_ரூட்:
ஜர்னல் சொன்ன பிறகுதானே கேபிளைக் கழற்றினான்? கணக்குப் போடுங்க: வரிக்கு 100 பைட், விநாடிக்கு நூறு வரி என்றால் நாளைக்கு 860 எம்பிக்கு மேல். ஒன்றரை மாதத்தில் 38 ஜிபி. ஒன்றரை மாதமாக யாரும் டிஎஃப் போடவில்லை. லாகை அவ்வப்போது ஒதுக்கிவைக்கும் லாக்ரொட்டேட்டில் அந்த ஃபைலைச் சேர்த்து, நகலெடுத்துவிட்டு அதே ஃபைலைக் காலி செய்யும் காப்பிட்ரங்கேட் கொடு. ஃபைலை விடாப்பிடியாகத் திறந்து வைத்திருக்கும் பழைய ப்ரோகிராமுக்கு அதுதான் தோது. நகலெடுப்பதற்கும் காலி செய்வதற்கும் இடையில் வரும் ஓரிரு வரி தவறலாம், பரவாயில்லை.

கீழக்கரை_பேக்கப்:
நான் பாதி தோணி கட்சி. தொலைவிலிருந்து ஐபிடேபிள்ஸில் (யாரை உள்ளே விடுவது என்ற ஃபயர்வால் ரூல்கள்) கைவைக்கும் முன் ஷட்டவுன் -ஆர் +10 போட்டுவிடுவேன். ரூலைத் தப்பாக எழுதி வெளியே மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் மெஷின் தானாக எழுந்து பழைய ரூலோடு கதவைத் திறக்கும். ஒழுங்காக வேலை செய்தால் ஷட்டவுன் -சி போட்டு ரத்து. இது ரீபூட்டின் புண்ணியமா இல்லையா?

அதுக்கும் முன்னால் டிமக்ஸ். காற்று மாதத்தில் என் லைன் அறுந்து அறுந்து வரும். ஒருமுறை டிமக்ஸ் இல்லாமல் அப்கிரேடு தொடங்கி, லைன் போய், பேக்கேஜ்கள் பாதி உள்ளே பாதி வெளியே நின்றன. பாதியில் நின்றதை முடித்துவைக்கும் டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ போட்டுத்தான் மீண்டேன். இப்போது நுழைந்ததும் கை தானாக டிமக்ஸ் அடிக்கிறது. லைன் போனாலும் வேலை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், வந்ததும் டிமக்ஸ் அட்டாச்.

ராமநாடு_ரூட்:
டிமக்ஸுக்கு மறுப்பே இல்லை காக்கா. ஆனால் அந்த ஷட்டவுன் வித்தை, ரூலைச் சேமிக்காதவரைக்கும்தான். யுஎஃப்டபிள்யூ என்ற இன்னொரு ஃபயர்வால் கருவியில் செய்தால் ரூல் ஃபைலிலேயே எழுதப்பட்டுவிடும். எழுந்த பிறகும் கதவு பூட்டியே இருக்கும், நீங்க வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

கீழக்கரை_பேக்கப்:
போயிருக்கேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு, ஏர்வாடி வரை. அதனால்தான் ஐபிடேபிள்ஸ் என்று பெயர் சொல்லி எழுதினேன்.

தொண்டித்_தோணி:
சரி அண்ணே, அவசரத்தில் ரீபூட் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாள் குறித்து ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்க்கணும். இஸ்-எனேபிள்ட் சரி என்று சொல்லும், எந்த டிஸ்க் எங்கே ஏறணும் என்று எழுதிய எஃப்எஸ்டேபில் ஒரு வரி தப்பாக இருந்து மெஷின் பாதியில் நிற்கும். அதை எந்தக் கமாண்டை நம்பி விடுவீங்க? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்தானே, அப்போது வைத்துக்கொள் தம்பி.

ராமநாடு_ரூட்:
எஃப்எஸ்டேபுக்கு ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை இருக்கிறது. இருந்தாலும் நாள் குறித்துச் செய்வதில் எனக்குத் தகராறு இல்லை. பேக்கப் எடுத்துவிட்டு, மெஷின் பக்கத்தில் ஆள் நிற்கும்போது செய்யட்டும்.

கச்சான்காற்று:
தடை விசைப்படகுக்குத்தான் அண்ணே. நாட்டுப்படகு போகும், நண்டு வரும், எடை ஓடும். கேபிள் மாற்றியாச்சு, எனேபிள் கொடுத்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருமுறை ரீபூட் செய்து பார்க்கட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். அந்த வார்த்தையை இந்த வாசலில் சொல்லாதே என்கிறார்.

தொண்டித்_தோணி:
யுபிஎஸ் சர்வீஸ் என்று சொல்லு.