பரீட்சைப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் வேளையில் ஸ்டான்லி கிண்ண இறுதியைக் கணிப்பது எப்படி?

ஸ்காபரோத் தம்பி (2025 ஜூன் 7)

அனைவருக்கும் வணக்கம். கடந்த மே மாதம் சி.எப்.ஏ. எனப்படும் நிதிப் பகுப்பாய்வாளர் தகுதிக்கான முதல் நிலைப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். அது மின்னஞ்சலில் வந்து சேர இன்னும் சில வாரங்கள் செல்லும். இதற்கிடையில் எட்மன்டன் ஒயிலர்ஸ் அணிக்கும் புளோரிடா பந்தர்ஸ் அணிக்கும் இடையிலான, நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்கு ஸ்டான்லி கிண்ணம் கிடைக்கும் ஐஸ் ஹொக்கி இறுதித் தொடர் நேற்றிரவுடன் 1–1 என்று சமநிலைக்கு வந்துவிட்டது. முதல் ஆட்டத்தில் 3–1 என்று பின்தங்கிய எட்மன்டன், மேலதிக நேரத்தில் லியோன் டிரைசைட்டல் அடித்த கோலால் வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் கோரி பெரி இறுதி வினாடிகளில் கோல் அடித்துச் சமன் செய்தபோதும், இரண்டாவது மேலதிக நேரத்தில் பிராட் மார்ஷண்ட் வெற்றியைப் புளோரிடாவின் பக்கம் கொண்டு போய்விட்டார்.

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் எந்த அணி, எத்தனை ஆட்டங்களில் வெல்லும் என்று எழுதி வைப்பார்கள். நான் "எட்மன்டன், ஏழு ஆட்டங்கள்" என்று எழுதியிருக்கிறேன். இது கணிப்பா, விருப்பமா என்பதைத்தான் என்னால் பிரித்தறிய முடியவில்லை. எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் 2–0 என்று முன்னிலையில் இருந்த தொடரைப் பறித்துக்கொண்டு, மே 18 அன்று ரொறன்ரோவிலேயே ஏழாவது ஆட்டத்தை 6–1 என்று முடித்துவைத்த அணி புளோரிடா. 1993-இல் மொன்றியல் வென்றதற்குப் பின்னர் எந்தக் கனேடிய அணியும் கிண்ணத்தை வெல்லவில்லை. இப்படிப்பட்ட நிலையில் என் மனம் எட்மன்டன் பக்கம் சாயாமல் இருக்குமா?

என் கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது. 1–1 என்ற நிலையிலிருந்து இத்தொடரை விருப்பு வெறுப்பின்றிக் கணிப்பதற்கு முறையான வழி ஏதேனும் உண்டா? அவ்வழியைக் கொண்டே என் பரீட்சைப் பெறுபேற்றையும் ஓரளவு முன்கூட்டி அறிய முடியுமா? இரவில் தூக்கம் வராதபோது, விடை தெரியாமல் தடுமாறிய வினாக்களை நினைவுகூர்ந்து எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

கணக்கன் (2025 ஜூன் 7)

முதற் பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அணியின் பெயரை எழுதுவதற்கு முன்னர் ஒரு விழுக்காட்டை எழுதப் பழகுங்கள். தனியொரு ஆட்டத்தில் புளோரிடா வெல்ல 55 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது என்றும், அது எல்லா ஆட்டங்களுக்கும் ஒன்றே என்றும் வைத்துக்கொள்வோம். ஹொக்கியில் இது கணிசமான மேலாதிக்கம். அப்படியிருந்தும் ஏழு ஆட்டத் தொடரை அந்த அணி வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 61 விழுக்காடுதான். ஒரு ஆட்டத்துக்கு 60 விழுக்காடு என்று கொண்டால் தொடருக்கு 71 வரும். இப்போது 1–1 என்பதால் மீதமுள்ளது ஐந்து ஆட்டத் தொடருக்குச் சமம். அதே 55-ஐ வைத்தால் புளோரிடாவின் வாய்ப்பு 59 ஆகிறது.

இதையே கிண்ணத்துக்கான நான்கு சுற்றுகளுக்கும் நீட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 61 விழுக்காடு வாய்ப்புள்ள அணிகூடக் கிண்ணத்தை வெல்லும் வாய்ப்பு 14 விழுக்காட்டுக்கு மேல் போவதில்லை. வழமையான பருவத்தில் அதிகப் புள்ளிகள் பெற்று ஜனாதிபதிக் கிண்ணத்தை வென்ற அணி, 2013-இல் சிகாகோவுக்குப் பின்னர் ஒரு தடவைகூட ஸ்டான்லி கிண்ணத்தையும் சேர்த்து வெல்லாததில் எனக்கு வியப்பில்லை. 2019-இல் 62 வெற்றிகளுடன் வந்த தம்பா பே, முதற் சுற்றிலேயே கொலம்பஸிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்தது. அதே ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் முழு லீக்கிலும் கடைசி இடத்தில் கிடந்த சென்ட் லூயிஸ், ஜூன் மாதத்தில் கிண்ணத்தைத் தூக்கியது. 2023-இல் 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் பெற்று வரலாறு படைத்த பொஸ்டன், 3–1 என்று முன்னிலை பெற்ற பின்னும் முதற் சுற்றில் வெளியேறியது. வெளியேற்றியது இதே புளோரிடாதான்.

இதற்கான காரணம் விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. இரு அணிகளும் சேர்ந்து ஒரு ஆட்டத்தில் சராசரியாக ஆறு கோல்களே அடிக்கின்றன. யாரோ ஒருவருடைய சறுக்குக் காலணியில் பட்டுத் திசைமாறும் ஒரு பக் (ஹொக்கி வட்டு), அந்த ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுவிடும். கோல் காப்பாளர் ஒருவர் இரண்டு வாரங்களுக்குத் தம் உச்ச நிலையில் நின்றுவிட்டால், மற்ற எல்லாக் கணக்குகளும் பின்னால் போய்விடும். 2010-இல் மொன்றியலின் யாரோஸ்லாவ் ஹலாக், வாஷிங்டனுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் 53 எறிகளைத் தடுத்ததை நான் நேரலையில் பார்த்தேன். எந்த அட்டவணையிலும் அதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க முடியாது.

ஆகவே "எட்மன்டன், ஏழு ஆட்டங்கள்" என்பது அபத்தமான கணிப்பு அல்ல. சம பலமுள்ள இரு அணிகளின் தொடர் ஆறு ஆட்டங்களிலோ ஏழு ஆட்டங்களிலோ முடியும் வாய்ப்பு தலா 31 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நான்கில் முடிவது 12.5 மட்டுமே. ஆயினும் அதைத் தனி வாக்கியமாக எழுதாமல், "எட்மன்டன் 43, புளோரிடா 57" என்று எழுதிப் பாருங்கள். விருப்பம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது அந்த எண்ணை எழுதும்போதே புலப்படும்.

நிதித்துறை அக்கா (2025 ஜூன் 8)

தம்பி, உங்கள் இரண்டாம் கேள்விக்கு நான் பதில் தருகிறேன். மூன்று நிலைகளையும் கடந்து வந்தவள் என்ற முறையில், அந்தக் காத்திருப்பின் பாரத்தை நான் நன்கு அறிவேன்.

தொடரின் மூன்றாவது ஆட்டம் இன்னும் நடக்கவில்லை. உங்கள் பரீட்சையோ நடந்து முடிந்துவிட்டது. விடைகள் பதிவாகிவிட்டன; அவற்றை இனி எவரும் மாற்ற முடியாது. எஞ்சியிருப்பது உங்களுக்குத் தகவல் வந்து சேராத நிலை மட்டுமே. அதோடு, நீங்கள் எட்ட வேண்டிய எல்லையும் உங்களுக்குக் காட்டப்படவில்லை. ஒவ்வொரு வினாவையும் வல்லுநர் குழு ஒன்று ஆராய்ந்து, தேர்ச்சிக்குரிய குறைந்தபட்சத் தகுதி மட்டும் உடையவர்களில் எத்தனை பேர் அதற்குச் சரியான விடை அளிப்பார்கள் என்று மதிப்பிடுகிறது. அங்கோஃப் முறை எனப்படும் இந்த வழியில் கிடைக்கும் மதிப்பீடுகளைக் கருத்தில் கொண்டு, சி.எப்.ஏ. நிறுவனத்தின் ஆளுநர் சபை தேர்ச்சி எல்லையைத் தீர்மானிக்கிறது. அந்த எல்லை எத்தனை விழுக்காடு என்பது வெளியிடப்படுவதில்லை. இணையத்தில் "70 விழுக்காடு எடுத்தால் போதும்" என்று எழுதுகிறவர்கள் ஊகத்தையே எழுதுகிறார்கள்.

உங்கள் பக்கத்துக் கணக்கும் தெளிவற்றதே. மொத்தம் 180 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தெரிவுகள். அவற்றுள் 30 வினாக்களில் ஒரு தெரிவை நீக்கிவிட்டு, மற்ற இரண்டுக்கிடையே தடுமாறி ஒன்றைக் குறித்தீர்கள் என்று கொள்வோம். சராசரியாக 15 சரியாக இருக்கும். ஆனால் அது 10 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். அந்தப் பத்துப் புள்ளி இடைவெளியே தேர்ச்சிக்கும் தவறுதலுக்கும் போதுமானது. மேலும் நினைவு ஒருபக்கம் சாய்ந்தது. தயக்கமின்றி விடை குறித்த நூற்றுக்கும் மேற்பட்ட வினாக்களில் ஒன்றுகூட இரவில் உங்கள் நினைவுக்கு வராது. தடுமாறியவை மட்டுமே திரும்பத் திரும்ப வரும். ஆதலால் அந்த எண்ணுதல் உங்கள் உண்மை நிலையைவிட எப்போதும் தாழ்வான ஒரு படத்தையே காட்டும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அண்மைக்கால முதல் நிலைத் தேர்ச்சி விகிதம் 40-க்கும் 50-க்கும் இடையில் இருந்து வருகிறது. முறையாகப் படித்து, மாதிரிப் பரீட்சைகளை நேரக் கட்டுப்பாட்டுடன் எழுதியவராக இருந்தால் அதற்குச் சற்று மேலே உங்களை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நுணுக்கமாகக் கணிக்க உங்களிடம் தரவு இல்லை. அந்த எண்ணுதலை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

நீலவெள்ளை ரசிகை (2025 ஜூன் 8)

கணக்கன் அவர்களின் எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் ரசிகர் ஒருவர் தம் விருப்பத்தைக் கணிப்பிலிருந்து முற்றாக நீக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2004-க்குப் பின்னர் 2023 வரை ஒரு தொடரைக்கூட வெல்லாத அணிக்காக ஒவ்வொரு வசந்தத்திலும் "இந்த முறை லீஃப்ஸ்" என்று எழுதிவந்தவர்கள் நாங்கள். 2023-இல் தம்பாவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், மேலதிக நேரத்தில் ஜோன் டவாரஸ் கோல் அடித்தபோது எங்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி, 48 விழுக்காடு என்று எழுதி வைத்தவருக்குக் கிடைத்திருக்காது. கணிப்பு என்பது அணியோடு நாம் வைத்துக்கொள்ளும் உறவின் ஒரு பகுதி. அலுவலகத் தாளில் தம்பி எட்மன்டனை எழுதியது சரியே.

ஸ்காபரோத் தம்பி (2025 ஜூன் 13)

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. அக்கா சொன்னபடி வினாக்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் கணக்கன் அண்ணாவின் கணக்கை ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னரும் போட்டு வருகிறேன். மூன்றாவது ஆட்டத்தைப் புளோரிடா 6–1 என்று வென்றதும், அதன் வாய்ப்பு 76 என்று வந்தது. நேற்றிரவு நான்காவது ஆட்டத்தில் 3–0 என்று பின்தங்கிய எட்மன்டன், கோல் காப்பாளரை மாற்றி, மேலதிக நேரத்தில் மீண்டும் டிரைசைட்டல் அடித்த கோலால் 5–4 என்று வென்றது. இப்போது 2–2, கணக்கு 57 என்கிறது. ஒரே இரவில் 76-இலிருந்து 57-க்கு இறங்குவது பொருத்தமானதா? என் கணிப்பு நல்லதா கெட்டதா என்பதைப் பின்னர் எதைக்கொண்டு அளப்பது?

கணக்கன் (2025 ஜூன் 13)

பொருத்தமானதே. அணியின் பலம் பற்றிய உங்கள் மதிப்பு மாறவில்லை. எஞ்சிய ஆட்டங்கள் குறைந்துவிட்டன, அவ்வளவுதான். இதே காரணத்தால் ஐந்தாவது ஆட்டத்துக்குப் பின்னர் எண் இன்னும் அதிகமாகத் துள்ளும். உங்கள் 55-ஐ மாற்ற வேண்டுமானால் அதற்குத் தனிக் காரணம் வேண்டும். ஆட்டம் எட்மன்டனில் நடக்கிறது என்பது அப்படிப்பட்ட ஒரு காரணம். காயமடைந்த எட்மன்டன் வீரர் ஸக் ஹைமன் ஆடவில்லை என்பது எதிர்த்திசையில் இன்னொன்று. நேற்றைய வெற்றியின் பரவசத்தை நான் அந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். கடந்த ஆண்டு இறுதியில் 3–0 என்று பின்தங்கிய எட்மன்டன் மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. அவற்றில் ஒன்று 8–1. அத்தகைய வேகத்தோடு சென்றும் ஏழாவது ஆட்டத்தை 2–1 என்று புளோரிடாவிடம் இழந்தது.

அளப்பதற்கு, வானிலை முன்னறிவிப்புகளைச் சோதிக்க 1950-இல் கிளென் பிரையர் முன்வைத்த முறையைப் பயன்படுத்துங்கள். நீங்கள் எழுதிய வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்த வேண்டும். 60 என்று எழுதி, அது நடந்தால் 0.16, நடக்காவிட்டால் 0.36. எப்போதும் 50 என்று எழுதுகிறவருக்கு 0.25 மட்டுமே வரும். 90 என்று துணிந்து எழுதித் தவறினால் 0.81 என்ற கடும் தண்டனை. ஒரு தொடரை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஒரு பருவத்தின் பதினைந்து தொடர்களையும் எழுதிச் சராசரி எடுத்தால்தான் ஓரளவு தெரியவரும். நீலவெள்ளை ரசிகையின் கருத்துக்கும் இதில் இடமுண்டு: அலுவலகத் தாளில் எட்மன்டன் அப்படியே இருக்கட்டும், இந்தப் பதிவேட்டில் மட்டும் எண்ணை எழுதுங்கள்.

நாளைய ஆட்டத்துக்கு என் எண் எட்மன்டன் 51, தொடருக்குப் புளோரிடா 54. முதல் பக் விழுவதற்கு முன்னர் உங்கள் எண்ணையும் இங்கே எழுதுங்கள், தம்பி.