சாணை பிடிக்கும் ஜிக் உடைந்துவிட்டது: உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

தேவகோட்டை கடைசல்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தேவகோட்டைக்குப் பக்கத்தில், பழைய வீடுகளின் மரவேலைகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் சிறிய கடைசல் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். மாடிப்படி ஓரத்தில் வரிசையாக நிற்கும் கடைசல் கால்களில் ஒன்றிரண்டு கறையான் அரித்தோ உடைந்தோ போயிருந்தால், பக்கத்தில் நிற்பதைப் பார்த்து அதே அளவில் புதிதாகக் கடைந்து பொருத்துவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. மரம் பெரும்பாலும் பழைய பர்மாத் தேக்கு. வீட்டுக்காரர்களே பிரித்தெடுத்த உத்திரத்திலிருந்து அறுத்துக் கொடுத்துவிடுவார்கள். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளியின் வாய் சீக்கிரம் மழுங்குகிறது. ஒரு கால் கடைந்து முடிப்பதற்குள் மூன்று முறையாவது சாணைக்குப் போக வேண்டியிருக்கிறது.

குழி உளியைச் சாணை பிடிப்பதற்கு, அதை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் ஜிக் ஒன்றை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வார்ப்பு உலோகத்தால் ஆன உடல். அதன் பள்ளத்தில் உளியை வைத்து, மேலிருந்து ஒரு குமிழ்த் திருகால் இறுக்க வேண்டும். உடலின் அடியில் உள்ள காதில் வளைந்த கால் ஒன்று போல்ட்டால் பொருந்தியிருக்கும். அந்தக் காலின் நுனி, சாணை மெஷினுக்குக் கீழிருந்து நீளும் தாங்குகம்பியின் குழியில் உட்கார்ந்துகொள்ள, உளியை இடமும் வலமும் ஆட்டிச் சாணை பிடிப்போம். சென்ற வாரம் அது கைதவறிக் கீழே விழுந்தது. தரை ஆத்தங்குடிக் கல். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஜிக்கின் காதுதான் விரிசல் விட்டுவிட்டது. குமிழ்த் திருகும் வளைந்துவிட்டதால் கடையில் எட்டு எம்.எம். போல்ட் ஒன்றை வாங்கி வந்து முறுக்கினேன். இரண்டு சுற்று உள்ளே போய் இறுகியது. குறடு போட்டு இன்னும் சற்று முறுக்கியபோது துளையின் மரை முழுவதும் பொடியாக உதிர்ந்துவிட்டது.

வாங்கிய இடத்தில் கேட்டேன். தனித்தனிப் பாகமாகத் தர முடியாது, முழு ஜிக்காக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜிக்கின் மேல் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. குமிழ்த் திருகும் காலைப் பிடிக்கும் உடலும் எங்கேயாவது தனியாகக் கிடைக்குமா? இல்லையென்றால் காரைக்குடியிலோ மதுரையிலோ செய்து வாங்க முடியுமா? எட்டுக் கால்கள் கடைந்து கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன், ஐந்துதான் முடிந்திருக்கின்றன.

காரைக்குடி லேத் எழுதியது:

வணக்கம் தம்பி. முப்பது ஆண்டுகளாக இரும்பு லேத்தில் நிற்பவன் என்ற முறையில், மரை பற்றி மட்டும் சொல்கிறேன். மரக்கடைசல் எனக்குத் தெரியாது.

நீங்கள் போட்டது எட்டு எம்.எம். போல்ட், துளையில் இருந்தது பெரும்பாலும் இரண்டரை நூல், அதாவது 5/16 அங்குல மரையாக இருந்திருக்கும். இரண்டரை நூல் போல்ட்டின் குறுக்களவு 7.94 மி.மீ.; எட்டு எம்.எம்.முக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆனால் மரையின் இடைவெளி வேறு. எட்டு எம்.எம். போல்ட்டில் ஒரு மரைக்கு 1.25 மி.மீ.; இரண்டரை நூலில் ஓர் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது ஒரு மரைக்கு ஏறத்தாழ 1.41 மி.மீ. முதல் இரண்டு சுற்று ஏமாற்றிவிட்டு அதற்குப் பிறகு ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் குறடு எடுத்தால் தோற்பது எப்போதும் மெல்லிய உலோகம்தான். வளைந்த பழைய திருகைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதை ஓர் அங்குல ஸ்கேலுக்கு எதிரே பிடித்து மரைகளை எண்ணிப் பாருங்கள். 18 வந்தால் நான் சொன்னதுதான்.

அப்படியானால் உங்களுக்கு ஒரு வகையில் அதிர்ஷ்டம் இருக்கிறது. மூன்று நூல், அதாவது 3/8 அங்குல மரை வெட்டுவதற்கு முன் போட வேண்டிய துளை சரியாக 5/16 அங்குலம்தான். உங்கள் துளையின் மரை உதிர்ந்து ஏறத்தாழ அந்த அளவுக்கு வந்திருக்கும். அதற்கு மேல் துளையைப் பெரிதாக்க வேண்டியதே இல்லை, இரண்டரை நூல் டிரில்லை ஒருமுறை விட்டுச் சுத்தம் செய்துகொண்டு மரை வெட்டும் மூன்று நூல் டேப்பை இறக்கிவிடலாம். கைடேப் மூன்றாகச் சேர்ந்து வரும். முதல் டேப்பில் தொடங்கி வரிசையாகப் போக வேண்டும். அலுமினியமாக இருந்தால் எண்ணெய்க்குப் பதிலாகச் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால் போனால் கால் சுற்றுப் பின்னால் வந்து, சீவல் உடைந்து விழும்படி வெட்டுங்கள். துளையைச் சுற்றி மூன்று நான்கு மில்லிமீட்டராவது உலோகம் மிஞ்ச வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அவ்வளவு கனம் இல்லாவிட்டால் ஹெலிகாயில், அதாவது துளைக்குள் புது மரையாகச் செருகும் கம்பிச் சுருள், போடுவது நல்லது. இருசக்கர வாகன எஞ்சின் வேலை செய்யும் பட்டறைகளில் ஸ்பார்க் பிளக் மரை போனால் இதைத்தான் போடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்று நூல் போல்ட்டின் நுனி பழையதைவிடப் பருமன். அது உங்கள் சிறிய குழி உளியின் பள்ளத்துக்குள் இறங்காமல் இரண்டு விளிம்பிலும் உட்கார்ந்துவிட்டால் உளி அசையும். ஆகவே போல்ட்டின் கடைசி எட்டு மில்லிமீட்டரை ஆறு எம்.எம். பருமனுக்குக் கடைந்து, நுனியில் பித்தளைத் துண்டு ஒன்றை அழுத்தி வைத்துத் தருகிறேன். போல்ட்டையும் ஜிக்கையும் கொண்டு வாருங்கள்.

கோட்டையூர்க்காரன், சிங்கப்பூரிலிருந்து எழுதியது:

உதிரி பாகத்தைத் தேடும் விஷயத்தில் ஒரு வார்த்தை. உங்கள் வருணனையைப் பார்த்தால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள ஒன்வே நிறுவனத்தின் வூல்வரின் ஜிக்கைப் போன்ற அமைப்பில் வரும் நகல்களில் ஒன்றாகத் தெரிகிறது. வட அமெரிக்க வடிவத்தைப் பின்பற்றுவதால்தான் அங்குல மரை இருக்கிறது. மூல நிறுவனத்தின் பாகத்தை வரவழைத்தாலும் நகலின் காதுக்கும் போல்ட் துளைக்கும் அது பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது. அரை மில்லிமீட்டர் மாறினாலும் கால் ஆடும். ஸ்வீடனின் டார்மெக் ஜிக்குகளின் பக்கம் போகவே வேண்டாம், அவை 12 மி.மீ. தாங்குகம்பியில் ஓடும் வேறு வகை. தவிர, கொரியரில் ஒரு போல்ட்டை வரவழைத்தால் போல்ட்டின் விலையைவிட அனுப்பும் செலவு பெரிதாக இருக்கும். அதற்கு மேல் சுங்கத்துக்கு அடையாளச் சான்றும் கேட்பார்கள். முழு ஜிக்காக நல்லது ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தால் சொல்லுங்கள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறேன். நம் ஊர்ப் பெட்டிகளில் ஏறாதது எது!

பள்ளத்தூர் வெல்டர் எழுதியது:

காதில் உள்ள விரிசலைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒட்டுவதற்கு முன் அது என்ன உலோகம் என்று தெரிந்தாக வேண்டும். அலுமினிய வார்ப்பாக இருந்தால் ஆர்கான் வெல்டிங் எடுக்கும். துத்தநாகக் கலவையாக இருந்தால் வெல்டிங் வைக்கவே கூடாது. ஏறத்தாழ 385 டிகிரியிலேயே உருகிவிடுவதால் பற்றவைப்பதற்குள் காது கையோடு வந்துவிடும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு சமையலறைத் தராசு போதும். முதலில் கால், திருகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உடலை மட்டும் எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, எண்ணைச் சுழியமாக்கிக்கொண்டு, ஜிக்கின் உடலை நூலில் கட்டிப் பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான் அதன் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால், 2.7 பக்கம் வந்தால் அலுமினியம், 6.6 பக்கம் வந்தால் துத்தநாகக் கலவை. துத்தநாகமாக இருந்தால் இரண்டு பக்கமும் மூன்று எம்.எம். இரும்புப் பட்டை வைத்து, காதை நடுவில் பிடித்து, குறுக்கே போல்ட் போட்டு இறுக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

தேவகோட்டை கடைசல்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பழைய திருகில் ஓர் அங்குலத்துக்குச் சரியாக 18 மரை இருக்கிறது. உடலின் எடை 212 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது தராசு 78 காட்டியது. வகுத்தால் 2.72. துளையைச் சுற்றி ஐந்து மில்லிமீட்டர் உலோகம் இருக்கிறது. நாளை காரைக்குடிக்கு வருகிறேன், ஐயா. தராசை எடுத்ததற்கு வீட்டில் வாங்கிய பேச்சைத் தனியாக எழுதலாம்.

கானாடுகாத்தான் பெரியவர் எழுதியது:

தம்பி, வெல்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அம்மாதிரி ஜிக்கில் உளியின் சரிவு எப்படி அமையும் என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: ஜிக்கிலிருந்து உளி எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, கால் எந்தச் சாய்வில் நிற்கிறது, கால் உட்காரும் குழி சாணைக்கல்லிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் காது அரை டிகிரி திரும்பினாலும் இரண்டாவது அளவு மாறிப்போகும். நான்கு ஆண்டுகளாக ஒரே சரிவில் தீட்டிய உளிகளை எல்லாம் மறுபடியும் புதிதாகத் தேய்க்க நேர்ந்தால், நல்ல எஃகு வீணாகச் சாணைத் தூளாகப் போகும். ஆகவே, காலை இப்போது இருக்கும் சாய்விலேயே இறுக்கி வைத்து, பக்கவாட்டில் ஒரு பலகை மேல் படுக்கவைத்து, கூரான பென்சிலால் அதன் உருவத்தை வரைந்துகொள்ளுங்கள். வெல்டிங் முடிந்ததும் அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால் திரும்பியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். போல்ட் துளையையும் வெல்டிங்குக்குப் பிறகு ரீமர் விட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

திரும்பி வந்தபின் முதல் உளியை நேரே தீட்டாதீர்கள். சரிவு முழுவதிலும் கறுப்பு மார்க்கர் மையைப் பூசி, மெஷினை ஓட்டாமல், கல்லைக் கையால் மெதுவாகச் சுழற்றித் தொடவிட்டுப் பாருங்கள். மை வாயிலிருந்து குதிகால் வரை, அதாவது சரிவின் பின்விளிம்பு வரை, ஒரே சீராகக் கலைந்தால் பழைய சரிவு கிடைத்துவிட்டது என்று பொருள். வாய்ப்பக்கம் மட்டும் கலைந்தால் சரிவு நிமிர்ந்துவிட்டது. குதிகால் பக்கம் மட்டும் கலைந்தால் சாய்ந்துவிட்டது.

விரிசல் விட்ட காதோடு ஓரிரு நாள் சமாளிக்கலாம் என்று நினைத்தால் அதை விட்டுவிடுங்கள். உங்கள் மெஷின் நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடுகிறதா, 1440 சுற்று ஓடுகிறதா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் கால் திடீரென்று மடங்கினால் உளியைக் கல் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கையும் கூடவே போகும். மூன்று மாடிப்படிக் கால்கள்தானே பாக்கி; ஜிக் வரும்வரை தட்டையான தாங்கு வைத்துக் கையாலேயே தீட்டுங்கள். நான் வேலை பழகிய காலத்தில் எங்கள் பட்டறையில் ஜிக் என்ற பெயரே கிடையாது. சுழலும் கல்லும் ஆசாரியின் கட்டைவிரலும்தான். ஜிக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாத பத்து நாட்களில் கை கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன்.

தேவகோட்டை கடைசல்காரன் எழுதியது:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் வரைந்துகொண்டுதான் போனேன். விரிசலை இரண்டு பக்கமும் அரத்தால் வாய்க்காலாக எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஆர்கான் வெல்டிங் வைத்தார்கள். 350 ரூபாய் ஆயிற்று. லேத் ஐயா மூன்று நூல் மரை வெட்டி, நுனியில் பித்தளை வைத்த போல்ட்டையும் செய்து தந்தார். கூலி வாங்க மறுத்து, அதற்குப் பதிலாகத் தம்முடைய அரங்களுக்குக் கைப்பிடி இல்லை என்றார். மிச்சமிருந்த தேக்குத் துண்டில் ஆறு கைப்பிடிகள் கடைந்து கொடுத்திருக்கிறேன். பித்தளைப் பூண் அவர் போட்டுக்கொண்டார்.

பெரியவர் பயந்தது நடந்தது. வரைந்த கோட்டின் மேல் வைத்தபோது காலின் நுனி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பியிருந்தது. மை தடவிப் பார்த்தால் குதிகால் பக்கம் மட்டும் கலைந்தது. காலின் போல்ட்டைத் தளர்த்தி, மையைத் திரும்பத் திரும்பப் பூசி, ஐந்தாவது முறையில் ஒரே சீராகக் கலைந்தது. அந்த இடத்தில் காதின் மேல் சிறிய ஆணியால் ஒரு கோடு கீறி வைத்துவிட்டேன். ஆறாவது காலைக் கையால் தீட்டிய உளியில்தான் கடைந்தேன். மற்ற ஐந்தோடு நிறுத்திப் பார்த்த வீட்டுக்காரருக்கு வேறுபாடு தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது. ஏழாவது இப்போது லேத்தில் இருக்கிறது.