அவர் என்னைப் பார்த்தார், ஆனாலும் திருப்பினார்

வில்லுக்குறிக்காரன்:
34 வயதில் பைக் ஓட்டப் படித்தவன் நான். அதுவரை எல்லாப் போக்குவரத்தும் பஸ்தான். எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. எட்டு போடுகிற மைதானத்தில் எதிரே கார் வராது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்காக நாகர்கோவில் போய்க்கொண்டிருந்தேன். சுங்கான்கடை பக்கம். வேகம் 40தான் இருக்கும். எதிரே ஒரு வெள்ளைக் கார், என் இடது கைப் பக்கத் தெருவுக்குள் திரும்புவதற்காக நடுரோட்டில் நின்றது. ஓட்டியவர் நேராக என் முகத்தைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டாரே, இனி நிற்பார் என்று ஆக்சிலேட்டரைக்கூடக் குறைக்கவில்லை. நான் கிட்டத்தில் வந்ததும் திருப்பிவிட்டார்.

பதற்றத்தில் கைப் பிரேக் இருப்பதே மறந்துபோய்க் காலால் மட்டும் மிதித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. வண்டி காரின் பின்கதவுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. நான் அதற்கும் முன்னாலேயே தாரில் கிடந்தேன். ஹெல்மெட்டின் இடது பக்கம் உரசிப் போயிருந்தது. சாயாக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். கார்க்காரருக்கு என் அப்பா வயது, கை நடுங்குகிறது. "மக்களே, சத்தியமா நான் பாக்கல்ல" என்றார்.

அப்போது வந்த கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ராத்திரி படுக்கும்போதுதான் அவர் பொய் சொல்லவில்லை என்று தோன்றியது. என் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அது வருவதற்குள் திரும்பிவிடலாமா என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் நான் இல்லவே இல்லை. அவர் பார்த்தது என்னைத் தாண்டி.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

திங்கள்நகர் டீச்சர்:
தம்பி, முதலில் ஒரு விஷயம். உரசிய ஹெல்மெட்டை மறுபடி மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரு தடவை அடி வாங்கி நசுங்கினால் அவ்வளவுதான், வெளியே பார்த்தால் தெரியாது.

எனக்கு நடந்தது ஸ்கூட்டி வாங்கிய முதல் வாரத்தில். திங்கள்நகரில் சந்தை நேரம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் ஒரு பஸ் போகத்தான் இடம் இருக்கும். நின்றிருந்த காரை ஒட்டிப் போனேன். ஓரமாகப் போனால்தான் பத்திரம் என்று சொல்லித் தந்திருந்தார்கள். டிரைவர் பக்கத்து டோர் திறந்தது. ஹேண்டில்பார் நுனி டோரில் தட்டியதும் நான் வலது பக்கம், ரோட்டின் நடுவில் விழுந்தேன். பின்னால் பஸ். அந்த டிரைவர் பிரேக் போட்டதால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காரில் இருந்து இறங்கிய ஆள் போன் பேசிக்கொண்டே, "ஹாரன் அடிச்சிருக்கலாமே" என்றார்!

இப்போது மகளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். அவளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: நிற்கிற காரின் பின்கண்ணாடி வழியாக டிரைவர் சீட்டில் தலை தெரிகிறதா என்று பார். பிரேக் லைட் இப்போதுதான் அணைந்தது என்றால் அடுத்தது டோர்தான். ஒரு டோர் அகலம் தள்ளிப் போக இடம் இல்லையா, நடக்கிற வேகத்துக்கு இறக்கு.

வீட்டுக்காரரையும் மாற்றிவிட்டேன். டிரைவர் சீட்டில் இருந்து இடது கையால்தான் டோரைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் உடம்பு தானாக வலது பக்கம் திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும். "இது என்ன சர்க்கஸ்" என்று ஒரு மாதம் முணுமுணுத்தார்.

மார்த்தாண்டம் கார்க்காரன்:
இங்கே நான்தான் எதிர்க்கட்சி. ஒரு பையனை இடித்தவன் நான். நாலு வருஷம் ஆகிறது.

எங்கள் வீட்டுத் தெரு ஒரு ஏற்றத்தில் ஏறித்தான் மெயின் ரோட்டில் சேரும். அன்று மழை விட்ட நேரம். முனையில் நின்றேன், வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன், யாரும் இல்லை. காரை எடுத்தேன். "டமார்" என்று ஒரு சத்தம். வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலேஜ் பையன் கிடக்கிறான். வானத்தில் இருந்து விழுந்தானா என்றுதான் முதலில் நினைத்தேன். 108 வரும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முழங்காலில் ஆபரேஷன். இப்போது நடக்கிறான், ஓடுவதில்லை.

பிறகு ஒரு நாள் அதே இடத்தில் காரை நிறுத்திவிட்டு, தம்பியின் மகனை பைக்கில் வரச் சொல்லிப் பார்த்தேன். முன்கண்ணாடிக்கும் டோர் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தூண் இருக்கிறதே, டிரைவருக்குப் பக்கத்தில் இருப்பதால் வலது தூண் நிறைய மறைக்கும். பைக்கும் அதை ஓட்டுகிறவனும் முழுதாக அதற்குள் போய்விடுகிறார்கள். அதைவிட மோசம், நான் மெதுவாக முன்னால் நகர நகர, பைக்கும் அதே தூணுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு நான் போன் ஸ்டாண்டை அந்த மூலையில்தான் ஒட்டியிருந்தேன். அன்றைக்கே பிய்த்து எறிந்தேன்.

இப்போது முனையில் நின்றால் சாமியாடுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

வில்லுக்குறித் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் கண்ணை நம்பாதே. இண்டிகேட்டரையும் நம்பாதே, பாதிப் பேர் போட மறப்போம், மீதிப் பேர் அணைக்க மறப்போம். முன்சக்கரத்தைப் பார். கார் நகர்வது கண்ணுக்குப் படுவதற்கு முன்னாலேயே சக்கரம் உருள்வது தெரிந்துவிடும்.

தோவாளைப் பூக்காரன்:
நான் விடியற்காலையில் பூ மூட்டையோடு வள்ளியூர் போகிறவன். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்று பற்றிச் சொல்லவே வேண்டாம், காற்றாலைக்காரன் அங்கே சும்மாவா வந்து நட்டான்? காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது நாம் அதற்கு எதிராக, காற்று வருகிற பக்கம் சாய்ந்துதான் ஓட்டுவோம். அப்போது ஒரு கார் உரசுகிற மாதிரி ஓவர்டேக் செய்தால், ஒரு நொடி காற்று நின்று மறுபடி அறையும். வண்டி ஒரு அடியாவது நகர்ந்துவிடும். காருக்குள் கண்ணாடி ஏற்றி ஏசி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே காற்று அடிப்பதே தெரியாது. புதிதாக ஓட்டுகிறவர்கள் அந்த மாதங்களில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், பஸ்ஸில் போங்கள்.

குளச்சல் மக்கா:
எல்லாம் சரி. ஆனால் கார்க்காரனையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? இடது பக்கம் திரும்புகிற காருக்கு இடது பக்கமாகவே நுழைகிற பயல்களை என்ன செய்ய?

வில்லுக்குறிக்காரன்:
குளச்சல் அண்ணே, நானும் போன மாதம் பார்வதிபுரத்தில் அப்படி நுழைந்தவன்தான். மறைக்கவில்லை.

டீச்சர், ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கார்க்கார அண்ணன் சொன்னபடி நேற்று பஸ் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, வழி முழுக்கக் கார்களின் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். தோட்டியோடு தாண்டுவதற்குள் மூன்று கார் இண்டிகேட்டர் போடாமல் திரும்பின. மூன்றும் திரும்புவதற்கு முன்னாலேயே தெரிந்தது.

அந்தப் பெரியவர் போனில் கூப்பிட்டார். வண்டிச் செலவைத் தருகிறேன் என்றார். பாதி போதும், மீதி என் காலுக்கு, கைப் பிரேக்கை மறந்ததற்கு என்றேன். சிரித்தார். சம்பளம் வந்ததும் வடசேரியில் புது ஹெல்மெட் வாங்க வேண்டும். அதுவரை பஸ்தான்.